ஹெச்₂: ஒரு பொடி இரண்டுக்கு ஐம்பது வருஷம்

இன்னைக்கு எபிசோட் ஒரு எண்ணைப் பத்தி. ஹெச் எழுதி, அதுக்குக் கீழே ஓரமா, பொடி எழுத்துல ஒரு 2 போடுவோமே, அந்த 2.

பள்ளிக்கூடத்துல வேதியியல் படிச்ச யாரைக் கேட்டாலும் ஹைட்ரஜனோட குறியீடு ஹெச்னு சொல்லிடுவாங்க. சிலிண்டர்ல இருக்கற ஹைட்ரஜன் வாயுவை எப்படி எழுதணும்னு கேட்டா, ‘ஹெச் டூ’ம்பாங்க. ஏன்னு கேட்டா, ரெண்டு அணு சேர்ந்து ஒரு மூலக்கூறுன்னு பதில் வரும். எல்லாம் சரி. ஆனா ரெண்டுன்னு யார் எண்ணிப் பார்த்தாங்க? நான் சொல்லப் போற காலத்துல அணுவைக் காட்டுற கருவி எதுவும் கிடையாது. அணுன்னு ஒண்ணு நிஜமா இருக்கான்னே வாக்குவாதம் நடந்துட்டு இருந்துச்சு.

1811-லேயே ஒருத்தர் இதுக்குச் சரியான விடையைச் சொல்லிட்டார். வேதியியல் உலகம் அதைக் காதுல போட்டுக்கிட்டது 1860-க்கு அப்புறம். அதுக்குள்ள அவர் காலமாகிட்டார். அந்த ஐம்பது வருஷம் என்ன தடுத்துச்சுங்கறதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. ஹெச்ங்கறது ஒரு பேரு. நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினா வேற எழுத்தைக்கூட வெச்சிருக்கலாம். ஹெச்₂ அப்படி இல்ல. அது ஒரு கணக்கோட விடை. யாரும் உட்கார்ந்து பேசி அதை 3-ன்னு மாத்த முடியாது.

எரியும் காற்று

இரும்புத் துகள் மேல அமிலத்தை ஊத்தினா குமிழ் குமிழா ஒரு வாயு வரும், அது எரியும்னு 1671-லேயே ராபர்ட் பாயில் எழுதியிருக்கார். ஆனா அதை ஒரு தனிப் பொருளா எடுத்து, அளந்து, எடை போட்டுப் பார்த்தவர் ஹென்றி கேவெண்டிஷ். 1766-ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பின கட்டுரைகள்ல துத்தநாகம், இரும்பு, தகரம் மூணையும் அமிலத்துல போட்டு எடுத்த வாயுவைப் பத்தி எழுதினார். அவர் வெச்ச பேர் ‘எரியும் காற்று’. சாதாரணக் காற்றைவிட இது ரொம்ப ரொம்ப லேசுன்னு அளந்து சொன்னார். இன்னைக்குக் கணக்குப்படி சுமார் பதினாலு மடங்கு லேசு.

கேவெண்டிஷ் பெரும் பணக்காரர், அதைவிடப் பெரிய கூச்ச சுபாவி. ராத்திரிக்கு என்ன சமைக்கணும்ங்கறதைக்கூட வேலைக்காரங்க கிட்ட நேர்ல சொல்லாம துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிடுவாராம்.

இந்த வாயு லேசா இருந்ததால முதல்ல பிரபலமானது வானத்துலதான். 1783 ஆகஸ்ட் 27 அன்னைக்கு பாரிஸ்ல ழாக் சார்ல்ஸ் ஹைட்ரஜன் அடைச்ச ஒரு பலூனைப் பறக்க விட்டார். ஆள் ஏறாத பலூன். அது கோனெஸ்ங்கற கிராமத்துல போய் விழுந்துச்சு. வானத்துல இருந்து ஏதோ பூதம் இறங்கியிருக்குன்னு பயந்து, ஊர்க்காரங்க கவைக்கோலால குத்திக் கிழிச்சுட்டாங்க.

அதே வருஷம், அதே பாரிஸ்ல, லவாய்சியரும் லாப்லாஸும் இந்த வாயுவை ஆக்சிஜன்ல எரிச்சு, கிடைக்கறது சுத்தமான தண்ணின்னு காட்டினாங்க. கேவெண்டிஷும் இங்கிலாந்துல இதையே தனியா செஞ்சு பார்த்திருந்தார். ரெண்டாயிரம் வருஷமா ‘தண்ணி ஒரு அடிப்படைப் பொருள்’னு நம்பினது அங்கே உடைஞ்சுச்சு. 1787-ல லவாய்சியரும் அவரோட கூட்டாளிகளும் வேதியியல் பேர்களை எல்லாம் திருத்தி எழுதினப்போ, கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘தண்ணியைப் பிறப்பிக்கிறது’ங்கற அர்த்தத்துல ஹைட்ரஜன்னு பேர் வெச்சாங்க.

அந்த அர்த்தம் பல மொழிக்குப் போச்சு. ஜெர்மன்ல வாசர்ஸ்டோஃப், ரஷ்யன்ல வதரோத், ஜப்பானிய மொழியில சூயிசோ, தமிழ்ல நீரகம். எல்லாத்துலயும் தண்ணி இருக்கு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒலியை வெச்சு ஐதரசன்னு எழுதுது.

பேர் வந்தாச்சு. ஆனா இந்த நேரத்துல யார் கிட்டேயும் ஹைட்ரஜனோட அணு எண்ணிக்கை பத்தி ஒரு பேச்சும் இல்ல. அதைக் கொண்டு வந்தவர் டால்டன்.

நடுவுல புள்ளி வெச்ச வட்டம்

ஜான் டால்டன் மான்செஸ்டர்ல பாடம் சொல்லிக்குடுத்துப் பிழைச்சவர். 1808-ல அவரோட புத்தகத்தோட முதல் பகுதி வந்துச்சு. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே மாதிரி அணுக்கள், ஒவ்வொரு தனிமத்தோட அணுவுக்கும் ஒரு எடை, அணுக்கள் முழு எண்கள்ல சேரும்னு சொன்னார். அவரோட குறியீடுகள் எல்லாம் வட்டங்கள். ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், கரிக்கு முழுக்கக் கறுப்பா நிரப்பின வட்டம், ஹைட்ரஜனுக்கு நடுவுல ஒரு புள்ளி வெச்ச வட்டம்.

அந்தப் புள்ளி வெச்ச வட்டம்தான் ஹைட்ரஜனோட முதல் நவீனக் குறியீடுன்னு சொல்லலாம். அது ஒரு அணுவோட படமும்கூட. ஒரு வட்டம் போட்டா ஒரு அணு, ரெண்டு போட்டா ரெண்டு அணு.

தண்ணியை டால்டன் எப்படி வரைஞ்சார் தெரியுமா? ஒரு ஹைட்ரஜன் வட்டம், ஒரு ஆக்சிஜன் வட்டம். நம்ம பாஷையில ஹெச்ஓ. ரெண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் உண்டாகுதுன்னா, அதுல ஒண்ணுக்கு ஒண்ணுதான் இருக்கும்னு அவர் ஒரு விதி வெச்சிருந்தார். அந்தக் காலத்துல ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகிற ரெண்டாவது பொருள் யாருக்கும் தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கண்டுபிடிக்கப்பட்டது 1818-ல. அதனால கையில இருந்த தகவலுக்கு எளிமையான யூகத்தை எடுத்துக்கிட்டார்.

இது சின்ன விஷயமாத் தெரியலாம். ஆனா தண்ணியில எடைப்படி 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் இருக்கு. தண்ணி ஹெச்ஓ-ன்னா, ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைவிட 8 மடங்கு கனம். தண்ணி ஹெச்₂ஓ-ன்னா 16 மடங்கு. ஆக்சிஜனோட எடை மாறினா, ஆக்சிஜனோட சேர்ற கார்பன், கந்தகம், இரும்பு எல்லாத்தோட எடையும் ஆட்டம் காணும். எண்ணிக்கை தெரியாம எடை தெரியாது. எடை தெரியாம எண்ணிக்கை தெரியாது. டால்டன் காலத்து வேதியியல் இந்தச் சுழல்ல மாட்டிக்கிச்சு.

ரெண்டு லிட்டர், ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர்

இதுல இருந்து வெளிய வர்ற வழியை பிரான்ஸ்ல ஜோசப் கேலூசாக் கொண்டு வந்தார். இவரும் பலூன் ஆசாமிதான். 1804-ல ஹைட்ரஜன் பலூன்ல தனியா ஏறி, சுமார் 7,000 மீட்டர் உயரம் போய் காற்று மாதிரி பிடிச்சுட்டு வந்தவர்.

வாயுக்கள் ஒண்ணோட ஒண்ணு வினைபுரியும்போது, அவற்றோட கன அளவு சின்னச் சின்ன முழு எண் விகிதத்துல இருக்குன்னு அவர் 1808 கடைசியில சொன்னார். அடுத்த வருஷம் அது அச்சுல வந்துச்சு. நமக்கு வேண்டிய உதாரணம் இது: ரெண்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஒரு லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தா, அதே சூட்டுலயும் அழுத்தத்துலயும் அளக்கும்போது, ரெண்டு லிட்டர் நீராவி கிடைக்கும்.

இப்போ பேப்பர், பேனா எடுங்க. ஒவ்வொரு லிட்டர்லயும் எந்த வாயுவா இருந்தாலும் நூறு துகள் இருக்குன்னு வெச்சுக்குவோம். நூறுங்கறது சும்மா ஒரு எண். ஹைட்ரஜன் 200 துகள், ஆக்சிஜன் 100 துகள், நீராவி 200 துகள். நீராவியோட ஒவ்வொரு துகள்லயும் ஆக்சிஜன் இருந்தாகணும், இல்லன்னா அது தண்ணியே இல்ல. 100 ஆக்சிஜன் துகளை 200 பேருக்குப் பங்கு போடணும். ஆளுக்குப் பாதி.

அணுவைப் பாதியா வெட்ட முடியாதுங்கறது டால்டனோட அடிப்படை. அதனால டால்டன் கேலூசாக்கோட அளவையே நம்பல. அந்த விகிதங்கள் சரியா முழு எண்ணுக்கு வரலைன்னு சொல்லிட்டு விலகிட்டார்.

வக்கீலுக்குப் படிச்சவர்

இத்தாலியில டூரின் நகரத்துக்காரர் அமெடியோ அவகாட்ரோ. குடும்பத் தொழில் சட்டம். இவரும் தேவாலயச் சட்டத்துல பட்டம் வாங்கினவர். அப்புறம் கணக்கும் இயற்பியலும் பிடிச்சுப் போய், வெர்செல்லிங்கற சின்ன ஊர்ல வாத்தியார் வேலைக்குப் போனார். 1811-ல ஒரு பிரெஞ்சு இதழ்ல கட்டுரை எழுதினார்.

அவர் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரே சூட்டுலயும் அழுத்தத்துலயும் சமமான கன அளவுள்ள எந்த வாயுவிலயும் சமமான எண்ணிக்கையில மூலக்கூறுகள் இருக்கும். நாம மேல போட்ட ‘லிட்டருக்கு நூறு’ கணக்கு இதுதான். ரெண்டாவது, ஒரு தனிமத்தோட வாயுவில பறந்துட்டு இருக்கற துகள் ஒத்தை அணுவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அதுவே ஒரு சேர்க்கையா இருக்கலாம். ஆக்சிஜன் துகள் பாதியாகுதுன்னா, அது முதல்லயே ரெண்டு பாதியோட ஜோடியாத்தான் இருந்திருக்கு. வெட்டுப்படறது அணு இல்ல, பிரியறது ஜோடி.

ஹைட்ரஜனும் அப்படித்தான். தண்ணி மூலக்கூறுல அரை மூலக்கூறு ஆக்சிஜனும், ஒரு மூலக்கூறு ஹைட்ரஜனும், அதாவது ரெண்டு அரை மூலக்கூறு ஹைட்ரஜனும் இருக்குன்னு எழுதினார். நம்ம ஹெச்₂, ஓ₂, ஹெச்₂ஓ மூணும் அந்த வாக்கியத்துக்குள்ள இருக்கு. 1814-ல பிரான்ஸ்ல ஆம்பியரும் கிட்டத்தட்ட இதே யோசனையைத் தனியா சொன்னார். மின்சாரத்துல ஆம்பியர்னு சொல்றோமே, அதே ஆம்பியர்.

டால்டனோட அணு, கேலூசாக்கோட லிட்டர் ரெண்டையும் மோத விடாம ஒண்ணா உட்கார வெச்ச யோசனை இது. அப்படியும் பெரும்பாலான வேதியியலாளர்கள் திரும்பிப் பார்க்கல.

ஹெச்சைக் குடுத்தவரே தடுத்தார்

அவகாட்ரோ ஊர் ஓரத்துல இருந்தவர், பெரிய ஆய்வுக்கூடம் இல்லாதவர், ‘மூலக்கூறு’ங்கற ஒரே சொல்லுக்கு முன்னாடி வேற வேற அடைமொழி போட்டு எழுதி வாசகரைக் குழப்பினவர். இதெல்லாம் உண்மை. ஆனா பெரிய தடை வேற. அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு விஷயத்தோட இந்த ஜோடி மோதுச்சு.

வாயுவோட துகள்கள் ஒண்ணை ஒண்ணு விலக்கித் தள்ளுதுன்னு டால்டன் நம்பினார். அதனாலதான் வாயு விரியுதுன்னு அவரோட விளக்கம். விலக்கித் தள்ளுற ரெண்டு ஹைட்ரஜன் எப்படிக் கட்டிப்பிடிச்சுட்டு இருக்கும்?

இன்னொரு பக்கம் ஸ்டாக்ஹோம்ல யோன்ஸ் யாக்கோப் பெர்சிலியஸ். அன்னைக்கு ஐரோப்பாவுல வேதியியல்னா இவர் வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது. மின்சாரத்தைப் பாய்ச்சினா சேர்மங்கள் பிரியுது. ஒண்ணு நேர்முனைக்குப் போகுது, ஒண்ணு எதிர்முனைக்குப் போகுது. அப்படின்னா அணுக்களைச் சேர்த்துப் பிடிச்சிருக்கறதே எதிரெதிர் மின்னூட்டம்தான்னு அவர் சொன்னார். உப்பு மாதிரிப் பொருளுக்கு இது அழகாப் பொருந்தும். ஆனா இந்தக் கணக்குப்படி ரெண்டு ஹைட்ரஜனுக்கும் ஒரே மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் விலக்கும். ஜோடி சேரவே முடியாது.

நாம இன்னைக்கு எழுதுற ஹெச்சைக் குடுத்தவரும் இதே பெர்சிலியஸ்தான். 1813-14-ல, வட்டம் போட்டா அச்சடிக்கறது கஷ்டம், எழுத்தே போதும்னு சொல்லி, லத்தீன் பேரோட முதல் எழுத்தைக் குறியீடா வெச்சார். ஹைட்ரஜீனியம், அதனால ஹெச். அலோகங்களுக்கு ஒத்தை எழுத்து, உலோகங்களுக்குத் தேவைப்பட்டா ரெண்டு எழுத்து. அதனாலதான் ஹைட்ரஜனுக்குத் தனி ஹெச் கிடைச்சுது, பாதரசத்துக்கு ரெண்டு எழுத்து. வயசான காலத்துல டால்டனுக்கு இந்த எழுத்துகளைக் கண்டாலே ஆகாது. இதைப் படிக்கற பசங்க ஹீப்ரு மொழியையே கத்துக்கலாம்ங்கற மாதிரி 1837-ல ஒரு கடிதத்துல எரிச்சலா எழுதினார்.

இன்னும் விசேஷம், தண்ணியில ரெண்டு ஹைட்ரஜன்னு பெர்சிலியஸ் ஏத்துக்கிட்டார். கன அளவு ரெண்டுக்கு ஒண்ணுங்கறதால அவரோட தண்ணியில ரெண்டு ஹெச் இருந்துச்சு. எண்ணை எழுத்துக்கு மேல எழுதினார். பின்னாடி, ரெண்டு அணுவைக் காட்ட ஹெச் குறுக்கே ஒரு கோடும் போட்டார். அந்த எண்ணைக் கீழே இறக்கினது 1834-ல ஜெர்மனிக்காரர் லீபிக். இவ்வளவும் சேர்மத்துக்குள்ள மட்டும். வெறும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அந்த 2-ஐக் குடுக்க பெர்சிலியஸ் கடைசி வரை தயாரா இல்ல.

பத்தொன்பது வினிகர்

அவகாட்ரோவை நம்பிச் சோதிச்சுப் பார்த்தவங்களும் உண்டு. பிரெஞ்சுக்காரர் டூமா 1826-ல இருந்து பல பொருட்களை ஆவியாக்கி அடர்த்தி அளந்தார். அடர்த்தியை ஹைட்ரஜனோட ஒப்பிட்டா துகளோட எடை தெரிஞ்சிடும். ஆனா பாதரச ஆவி எதிர்பார்த்ததுல பாதிதான் இருந்துச்சு. பாஸ்பரஸ் ரெண்டு மடங்கு. கந்தகம் மூணு மடங்கு. எல்லாத் தனிமமும் ரெண்டு ரெண்டா இருக்கும்னு நினைச்சதுதான் சிக்கல். இன்னைக்கு நமக்குத் தெரியும்: பாதரசம் ஒத்தையாப் பறக்கும், பாஸ்பரஸ் நாலு நாலா, அவர் அளந்த சூட்டுல கந்தகம் ஆறு ஆறா. அவரோட அளவுகள் எல்லாம் சரி. ஆனா அந்த எண்களைப் பார்த்து மனசு விட்டுப் போய், என் கையில இருந்தா அணுங்கற வார்த்தையையே அறிவியல்ல இருந்து அழிச்சிடுவேன்னு சொல்ற அளவுக்கு டூமா போயிட்டார்.

1840-கள்ல ஆளுக்கு ஒரு கணக்கு. ஒருத்தர் ஆக்சிஜன் 8-ன்னு எழுதுவார், அடுத்தவர் 16. கார்பன் ஒருத்தருக்கு 6, இன்னொருத்தருக்கு 12. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வேற வாய்ப்பாடு. கெக்குலே 1861-ல எழுதின பாடநூல்ல அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும், அதாவது வினிகர்ல இருக்கற புளிப்புக்கு மட்டும், புழக்கத்துல இருந்த 19 வாய்ப்பாடுகளை அடுக்கிக் காட்டினார். ஒரு மாணவர் பாரிஸ்ல படிச்சுட்டு ஜெர்மனிக்குப் போனா திரும்ப முதல்ல இருந்து கத்துக்கணும்.

பிரான்ஸ்ல லோராங், கெரார்னு ரெண்டு பேர் சரியான பக்கம் நகர ஆரம்பிச்சாங்க. ஹைட்ரஜன் வாயு ஜோடிதான்னு லோராங் 1846-ல எழுதினார். ஆனா அவர் 1853-ல காசநோயில போயிட்டார். கெரார் 1856-ல, நாற்பது வயசு முடியறதுக்குள்ள. அதே 1856 ஜூலையில அவகாட்ரோவும் டூரின்ல காலமானார். வயசு 79. அவரோட யோசனை வேதியியல் பாடமா மாறும்னு சொல்ற அடையாளம் எதுவும் அன்னைக்கு இல்ல.

கார்ல்ஸ்ரூவில் மூணு நாள்

1860 செப்டம்பர் 3, ஜெர்மனியில கார்ல்ஸ்ரூ நகரம். கெக்குலே, வூர்ட்ஸ், வெல்ட்சீன் மூணு பேரும் கூப்பிட்டு 120-க்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் வந்திருந்தாங்க. வேதியியலுக்கு நடந்த முதல் சர்வதேச மாநாடு. அணுன்னா என்ன, மூலக்கூறுன்னா என்ன, எந்த எடையைப் போடறது, எப்படி எழுதறது. இதுதான் நிகழ்ச்சி நிரல்.

வந்தவங்கள்ல ஸ்டானிஸ்லாவோ கனிசாரோன்னு ஒரு சிசிலிக்காரர். 34 வயசு. 1848 சிசிலிப் புரட்சியில பீரங்கிப் படையில சேர்ந்தவர். புரட்சி தோத்ததும் பிரான்ஸுக்குத் தப்பிப் போய், அங்கே ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்து, திரும்பி வந்து ஜெனோவாவுல பாடம் எடுத்துட்டு இருந்தவர். பசங்களுக்கு வேதியியலை எந்த வரிசையில சொல்லிக்குடுத்தா குழப்பம் இல்லாம இருக்கும்னு யோசிச்சு, தன்னோட பாடத் திட்டத்தை 1858-ல ஒரு சின்ன வெளியீடா அச்சடிச்சிருந்தார்.

அவரோட வழி இதுதான். ஹைட்ரஜன் வாயுவோட மூலக்கூறு எடையை 2-ன்னு வெச்சுக்குங்க. மத்த வாயுக்களோட அடர்த்தியை அதோட ஒப்பிட்டு அவங்கவங்க மூலக்கூறு எடையைக் கண்டுபிடிங்க. அப்புறம் ஒவ்வொண்ணுலயும் ஹைட்ரஜன் மட்டும் எவ்வளவு எடை இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க. ஹைட்ரஜன் குளோரைடோட மூலக்கூறு எடை 36.5, அதுல ஹைட்ரஜன் 1. நீராவி 18, ஹைட்ரஜன் 2. அம்மோனியா 17, ஹைட்ரஜன் 3. சதுப்பு நிலத்துல வர்ற மீத்தேன் 16, ஹைட்ரஜன் 4. ஹைட்ரஜன் வாயுவுல 2.

1, 2, 3, 4. எங்கயுமே அரை வரல, ஒண்ணரை வரல. அப்போ அந்த 1-தான் ஹைட்ரஜனோட மிகச் சின்னப் பங்கு, அதாவது அணு. வாயுவா இருக்கும்போது ஹைட்ரஜன் மூலக்கூறுல அந்தப் பங்கு ரெண்டு இருக்கு. யாராவது ஒருத்தர் 0.5 பங்கு ஹைட்ரஜன் உள்ள ஒரே ஒரு சேர்மத்தைக் கொண்டு வந்திருந்தா, ஹெச்₂ ஹெச்₄ ஆகியிருக்கும். இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒரு பொருள் கிடைக்கல. எண்ணவே முடியாத ஒண்ணை எண்ணினது இப்படித்தான். கையில தேவைப்பட்டது ஒரு தராசும், அடர்த்தி அளக்கற கண்ணாடிக் குடுவையும்.

டூமாவைக் குழப்பின பாதரசத்துக்கும் இதே முறையில விடை கிடைச்சுது. எல்லாத் தனிமமும் ஜோடியா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளந்து பாருங்க, அவ்வளவுதான்.

கடைசி நாள் கூட்டத்துக்குத் தலைமை யார்னு நினைக்கறீங்க? டூமாவேதான். கனிசாரோ எழுந்து நீளமாப் பேசினார். கூட்டம் முடிவு எதுவும் எடுக்கல. அறிவியல் விஷயத்தை ஓட்டுப் போட்டுத் தீர்க்க முடியாதுன்னு கலைஞ்சாங்க. ஊருக்குக் கிளம்பறப்போ, கனிசாரோவோட நண்பர் ஆஞ்சலோ பவேசி அந்தச் சின்ன வெளியீட்டைக் கையில கையில குடுத்தார்.

வாங்கினவங்கள்ல ஒருத்தர் லோதர் மேயர். வழியிலயும் வீட்டுலயும் திரும்பத் திரும்பப் படிச்சு, சந்தேகமெல்லாம் விலகி ஒரு தெளிவு வந்துச்சுன்னு பின்னாடி எழுதினார். மாநாட்டுக்கு வந்த இன்னொருத்தருக்கு 26 வயசு, ரஷ்யாவுல இருந்து ஹைடல்பெர்க்குக்குப் படிக்க வந்தவர். பேர் திமித்ரி மெண்டலீவ். தனிமங்களை எடை வரிசையில அடுக்கணும்னா முதல்ல எடை சரியா இருக்கணும். ஆக்சிஜன் 8-ஆ 16-ஆன்னே தெரியாதவர் ஆவர்த்தன அட்டவணை போட முடியாது. 1869-ல மெண்டலீவ் தன்னோட அட்டவணையை வெளியிட்டார். நம்ம வகுப்பறைச் சுவர்ல தொங்குற அந்த அட்டவணைக்குப் பின்னாடி, ஹைட்ரஜனோட பொடி 2-க்கு ஒரு பங்கு இருக்கு.

அவகாட்ரோ பேரும் திரும்பி வந்துச்சு. பன்னிரண்டாம் வகுப்பு வரை நாம மனப்பாடம் பண்ற அவகாட்ரோ எண்ணை அவர் கணக்கிடவே இல்ல. 1909-ல ழான் பெர்ரின் மரியாதைக்கு வெச்ச பேர் அது.

ஏன் ஒட்டிட்டு இருக்கு?

பெர்சிலியஸோட கேள்வி அப்போவும் மிச்சம்தான். ஒரே மாதிரி ரெண்டு அணு எதுக்கு ஒட்டிக்கணும்? கனிசாரோ ரெண்டுன்னு நிரூபிச்சாரே தவிர, ஏன்னு சொல்லல. அதுக்குக் குவாண்டம் இயற்பியல் வர வேண்டியிருந்துச்சு. 1927-ல சூரிக் நகரத்துல இருந்த வால்டர் ஹைட்லர், ஃபிரிட்ஸ் லண்டன்ங்கற ரெண்டு இளைஞர்கள் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் வெச்சிருக்கற ரெண்டு அணு நெருங்கும்போது, அந்த எலக்ட்ரான்களோட சுழற்சி எதிரெதிரா இருந்தா, ரெண்டு எலக்ட்ரானும் ரெண்டு அணுவுக்கும் பொதுவாகிடுது. தனித்தனியா இருக்கறதைவிட ஆற்றல் குறையுது. அதனால ஒட்டிக்குது. எதிரெதிர் மின்னூட்டம் உள்ள அணுக்கள் தேவையே இல்ல.

எவ்வளவு இறுக்கமா? ஒரு மீட்டரை ஆயிரம் கோடிப் பங்காப் பிரிச்சு, அதுல ஒரு பங்குல முக்கால் அளவு, அதுதான் ரெண்டு அணுவுக்கும் நடுவுல உள்ள தூரம். ரெண்டு கிராம் ஹைட்ரஜனோட எல்லா ஜோடியையும் பிரிக்க 436 கிலோஜூல் ஆற்றல் வேணும். அதை வெச்சு நம்ம ஊர்ச் சூட்டுல இருக்கற ஒன்றரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெச்சுடலாம். பிரிச்ச அணுக்கள் திரும்ப ஜோடி சேரும்போது அந்தச் சூடு அப்படியே வெளிய வரும். 1920-கள்ல இர்விங் லாங்முயர் இதையே பயன்படுத்தி ஒரு வெல்டிங் முறையை உருவாக்கினார். மின் தீப்பொறியில ஹைட்ரஜனைப் பிரிச்சு, இரும்பு மேல ஊதினா, அங்கே ஜோடி சேர்ந்து இரும்பையே உருக்கும்.

அதனால பூமியில ஹைட்ரஜன் வாயுவை எங்க பிடிச்சாலும் ஹெச்₂-தான். திருநெல்வேலி மாவட்டத்துல மகேந்திரகிரியில இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும்போது, மைனஸ் 253 டிகிரியில திரவமா இருக்கற ஹைட்ரஜனும் ஜோடிகள்தான். நட்சத்திரங்களுக்கு நடுவுல, ஒரு அணுவுக்குப் பக்கத்துல இன்னொரு அணு வரவே நேரம் ஆகிற வெட்டவெளியில மட்டும் ஒத்தை ஹெச் நிறைய இருக்கு. அங்கேயும் குளிர்ந்த அடர்த்தியான மேகங்கள்ல, தூசித் துகள் மேல உட்கார்ந்து ரெண்டு ரெண்டா சேர்ந்துடுது. புது நட்சத்திரங்கள் பிறக்கறது அந்த மாதிரி மேகங்களுக்குள்ளதான்.

எனக்கு இந்தக் கதையில பிடிச்ச ஆள் கனிசாரோ. புதுசா எந்த வாயுவையும் அவர் கண்டுபிடிக்கல. விடையும் அவரோடது இல்ல, அவகாட்ரோ சொன்னது. அளவுகளும் மத்தவங்க அளந்தது. ஒரு வாத்தியாரா, வகுப்புல இருக்கற பசங்களுக்குப் புரியற வரிசையில எல்லாத்தையும் எடுத்து அடுக்கினார். ஐம்பது வருஷமா பெரிய பெரிய மேதைகளுக்குப் புரியாத விஷயம், பாடமா எழுதினதும் புரிஞ்சுது.

அடுத்த எபிசோட்ல ஹீலியம். ஜோடியே சேராத ஒரு வாயு, பூமியில கிடைக்கறதுக்கு முன்னாடி சூரியன்ல கண்டுபிடிச்சாங்க. 1868 சூரிய கிரகணம், ஆந்திராவுல குண்டூர். அதைப் பத்திப் பேசுவோம்.